மிளகு தேசத்து மேற்றிராணியார்

(திண்டுக்கல்லில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஏறக்குறைய 700 வருஷங்களுக்கு முன் நமது தென்னாட்டுக்கென்று போப்பாண்டவரால் நியமிக்கப்பட்ட ஒரு மேற்றிராணியாருடைய உத்தியோக சரித்திரமாகும். விளம்பரத்தில் இந்தத் தலைப்பைக் கண்ட கிறிஸ்தவ நண்பர்கள் சிலர், "இராமாயணமும் பெரிய புராணமும் தீர்ந்துபோய்விட்டதா, இப்போது எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்களே" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டோம். இந்து நண்பர்கள் சிலரோ, "சபாஷ், இன்றைக்கு அவர்கள் முறை" என்று வெகு உற்சாகமாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். நமக்கு எந்த மதத்தின் மீதும் தனி விரோதம் கிடையாது. தனிக் கருணையும் கிடையாது. முன்வரிசைக்காரர்களும் பேச்சு முடிவதற்குள் சற்று நெளிய வேண்டிவரும்.

நாம் சொல்லப்போகும் மனிதரின் பேர் ஜோர்டானஸ் கத்தலானி. பிரான்சு தேசத்தின் தென்பாகத்தில் செவரக் என்ற ஊரைச் சேர்ந்தவர். சாமிநாதர் சபைத் துறவி. சாமிநாதர் என்றவுடன் சுவாமிமலைக் கோவணாண்டியை நினைத்துவிடாதீர்கள். தோமினிக் என்ற ஸ்பெயின் தேசத்து அர்ச்சியசிஷ்டவருக்கு நமது கத்தோலிக்கர்கள் இட்டு வழங்கும் தமிழ்ப் பேர் அது. இந்த ஜோர்டானஸ் நம் தேசத்தைப் பற்றி லத்தீன் பாஷையில் ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். யூல் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் அதை 1863-ல் இங்கிலீஷில் மொழிபெயர்த்து அச்சிட்டார். அந்தப் புஸ்தகத்தை நாம் ஒரு கையில் அகராதியை வைத்துக்கொண்டுதான் படித்தோம். நாம் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். மற்றதெல்லாம் இப்படிக் கற்றதுதான். ஆகையால் பண்டிதர்கள் நம்மிடம் இலக்கணம் எதிர்பார்க்க வேண்டாம். ஆதாரம் கேட்டால் கொடுக்கிறோம்.

இவர் காலத்தில் நமது சீமை எப்படி இருந்ததென்று ஒரு வார்த்தை. பாண்டியன் மக்கள் இருவர் பட்டத்துக்காக அடித்துக்கொண்டார்கள். 1311-ல் மாலிக் காபூர் மதுரை வரை வந்து வாரிக்கொண்டு போனான். 1330-களில் மதுரையில் ஒரு சுல்தான் தனி ராஜ்யம் ஸ்தாபித்துக்கொண்டான். திண்டுக்கல் பாறை அன்றும் இதே இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் கோட்டைதான் இல்லை. அது 1605 வாக்கில் நாயக்கர் காலத்தில் வந்தது. மேல்கரையில் கொல்லம் பெரிய துறைமுகம். சீனக் கப்பலும் அராபியக் கப்பலும் அங்கே வந்து நின்றன. எதற்காக? மிளகுக்காக. இந்த மிளகை மறந்துவிடாதீர்கள். கதை முழுவதும் அதன் காரம் இருக்கிறது.

அந்தப் பக்கம், போப்பாண்டவர் ரோமாபுரியில் இல்லை. 1309 முதல் பிரான்சு தேசத்து எல்லையில் அவிஞோன் என்ற பட்டணத்தில் குடியிருந்தார்கள். 1316 முதல் 1334 வரை போப்பாக இருந்தவர் 22-ம் ஜான். கணக்கில் கெட்டிக்காரர், பொக்கிஷத்தை நிரப்புவதில் பேர் போனவர். அவர் காலத்தில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளில் ஒரு பகுதியார், "ஏசுவும் சீஷர்களும் சொத்து இல்லாமல் வாழ்ந்தார்கள், நாங்களும் அப்படியே வாழ்வோம், களஞ்சியம் வைக்க மாட்டோம், நல்ல அங்கி போட மாட்டோம்" என்று பிடிவாதம் செய்தார்கள். வறுமை நல்லதுதான், ஆனால் கீழ்ப்படிதல் அதைவிட மேலானது என்று போப் உத்தரவு போட்டார். கீழ்ப்படியாத நான்கு துறவிகள் 1318-ம் வருஷம் மே மாதம் மார்சேல் பட்டணத்தில் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். அதோடு நில்லாமல், ஏசுவுக்கும் சீஷர்களுக்கும் சொத்தே கிடையாது என்று சாதிப்பது வேதவிரோதம் என்று 1323-ல் அதே போப் தீர்ப்பும் எழுதினார். தோழர்களே! ஏழையாக இருப்பேன் என்று சொன்ன குற்றத்திற்காக, ஏழைகளின் சாமி பேரால், நெருப்பில் போடப்பட்டார்கள்.

அந்த நான்கு பேரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நான்கு பேர் வரப்போகிறார்கள்.

ஜோர்டானஸ் பாரசீக நாட்டிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவருடன் பிரான்சிஸ்கு சபையார் நான்கு பேர் கப்பலேறினார்கள். போக நினைத்தது கொல்லத்துக்கு. கப்பல் கொண்டுபோய் விட்டது இன்றைய பம்பாய்க்கு அருகிலுள்ள தாணாவில். அங்கே பாரசீகச் சபைக் கிறிஸ்தவர் ஒருவர் வீட்டில் நான்கு பேரும் தங்கினார்கள். ஜோர்டானஸ் ஞானஸ்நானம் கொடுக்க வடக்கே போய்விட்டார். அந்தச் சமயத்தில் அந்த வீட்டுப் புருஷன் பெண்சாதியை அடித்தான். அவள் காஜியிடம் போய்ப் பிராது சொன்னாள். சாட்சி யார் என்று காஜி கேட்க, மேற்கத்திய சாமியார்கள் வீட்டில் இருந்தார்கள் என்றாள். ஒருவர் சாமான்களைக் காத்துக்கொண்டு வீட்டிலிருக்க, மற்ற மூவரும் கச்சேரிக்குப் போனார்கள். போன இடத்தில் பெண்ணை அடித்த வழக்கு எங்கேயோ போய், எந்த மதம் உயர்ந்தது என்ற வழக்கு வந்துவிட்டது. நபியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று துருவித் துருவிக் கேட்க, தோமா என்ற துறவி இழிவாகப் பதில் சொன்னார். 1321 ஏப்ரலில் மூவருடைய தலையும், இரண்டொரு நாளில் நான்காமவர் தலையும் விழுந்தன.

இவர்கள் வேதசாட்சிகள் ஆனார்கள். தோமாவுக்கு 1894-ல் முத்திப்பேறு பட்டமும் கிடைத்தது. நாம் கேட்பது இரண்டு கேள்வி. மதத்திற்காக மாலிக்கின் ஆட்கள் வெட்டிய நான்கு பேர் வேதசாட்சிகள் என்றால், அதே சபையைச் சேர்ந்த நான்கு பேரை மூன்று வருஷத்துக்கு முன் மார்சேலில் கொளுத்தினார்களே, அவர்கள் யார்? தாணாவில் இறந்த தோமாவே அந்த வறுமைக் கட்சிக்காரர்தான். அதற்காக இத்தாலியில் சொந்தச் சபையாராலேயே சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர். இந்தியாவுக்கு வராமல் மார்சேலுக்குப் போயிருந்தால் அவர் கதி என்ன? இரண்டாவது கேள்வி, அடி வாங்கிக்கொண்டு நியாயம் கேட்கப் போனாளே அந்தப் பெண், அவள் வழக்கு என்ன ஆயிற்று? வெட்டினவர்கள் கட்சியிலும் வெட்டுப்பட்டவர்கள் கட்சியிலும் அதை எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு மதம் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்தில் பெண்ணின் பிராது எப்போதும் இப்படித்தான் தள்ளுபடியாகிறது.

நிற்க. இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்த வழியாக வந்த ஒதோரிக் என்ற இன்னொரு துறவி, இந்தச் சாவைப் பற்றிக் கேட்ட கதைகளை எழுதி வைத்தார். கொல்லப்படுவதற்கு முன் யாகப்பர் என்பவரை இரண்டு தடவை பெரு நெருப்பில் போட்டார்களாம், மயிர்க்கூடக் கருகவில்லையாம். பிறகு வாளால் வெட்டினார்களாம், வெட்டுப்பட்டதாம். நெருப்புக்குத் தெரிந்த மகிமை இரும்புக்குத் தெரியாமல் போனது ஏன்? இந்த ஒதோரிக் அவர்கள் எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கப்பலில் சீனாவுக்குக் கொண்டுபோனார். வழியில் காற்று நின்றுவிட்டதாம். ஓர் எலும்பைக் கடலில் போடச் சொன்னாராம், காற்று வீசிற்றாம். நமது முன்வரிசைத் தோழர்கள் இப்போது பலமாகச் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். ஆனால் பிரகலாதனை நெருப்பு சுடாததும், அப்பரைச் சுண்ணாம்புக் காளவாய் சுடாததும் எந்தப் பட்டறையில் செய்த சரக்கு? நந்தன் கதை அதைவிட அழகு. அவனைச் சிதம்பரத்தில் நெருப்பில் இறக்கினால்தான் கோயிலுக்குள் போகலாம் என்றார்கள், இறங்கினான், பூணூலோடு வெளியே வந்தான் என்கிறார்கள். அந்த நெருப்பு சாதாரண நெருப்பல்ல, மனிதனை விட்டுவிட்டு அவன் பிறப்பை மட்டும் எரிக்கத் தெரிந்த நெருப்பு! ஒதோரிக் எழுதியது அதன் முன்னால் எவ்வளவோ மேல். குறைந்தபட்சம் கடைசியில் ஆள் செத்துப்போனதை ஒப்புக்கொள்கிறது.

ஜோர்டானஸ் விஷயத்துக்கு வருவோம். கூட வந்தவர்கள் உடலை எடுத்துச் சோபாராவில் அடக்கம் செய்துவிட்டு, தன்னந்தனியாக மேல்கரையில் அலைந்தார். 1321-லும், அதற்குச் சில வருஷம் கழித்தும், பாரசீகத்திலிருந்த தன் சபையாருக்கு இரண்டு கடிதம் எழுதினார். கடற்கொள்ளைக்காரர் பிடித்தார்கள், சிறையில் போட்டார்கள், வியாதி வந்தது, உடுத்த அங்கியில்லை என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் துன்பத்தை நாம் பரிகாசம் செய்யமாட்டோம். பாஷை தெரியாத தேசத்தில், ஒரு துணையும் இல்லாமல், நம்பிய கொள்கைக்காகப் பட்டினி கிடப்பது லேசான காரியமல்ல. இந்த மேடையில் பேசும் நாமும் சில ஊர்களில் கல்லடியும் சாணியடியும் வாங்கியவர்கள்தான். ஆனால் அந்தக் கடிதத்திலேயே இன்னொரு யோசனையும் இருக்கிறது. போப்பாண்டவர் இந்தக் கடலில் இரண்டே இரண்டு போர்க்கப்பல் நிறுத்தி வைத்தால் எவ்வளவு லாபம், எகிப்து சுல்தானுக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஆசையோடு எழுதுகிறார்.

எகிப்து சுல்தான் இங்கே எங்கே வந்தான்? கொல்லத்து மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், சுல்தானுக்குச் சுங்கம் கட்டி, பிறகு வெனிஸ் வியாபாரி கைக்குப் போயிற்று. அந்த வழியை மறித்தால் சுல்தானின் மடி காலி. ஆத்துமாக்களை மோட்சத்துக்கு அனுப்ப வந்தவருக்கு மிளகு போகும் வழி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அதோடு, லத்தீன்காரர்கள் உலகத்தையெல்லாம் ஆளப்போகிறார்கள் என்று இத்தேசத்து ஜனங்களிடமே ஒரு ஜோசியம் வழங்குவதாகவும் தமது புஸ்தகத்தில் எழுதிவைத்தார். இரண்டு கப்பல் கேட்டு ஏறக்குறைய 175 வருஷம் கழித்து, 1498-ல், வாஸ்கோ ட காமா மூன்று நான்கு கப்பலோடு கோழிக்கோட்டுக்கு வந்தான். பிறகு என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியும்.

இனி அந்தப் புஸ்தகம். அதைப் படித்தபோது இந்த மனிதர் மீது நமக்கு உண்மையாகவே ஒரு மரியாதை உண்டாயிற்று என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மிளகைப் பற்றி ஐரோப்பாவில் ஒரு புளுகு வழங்கிற்று. மிளகுத் தோட்டத்தில் பாம்புகள் காவல் இருக்கும்; நெருப்பு வைத்து விரட்டிவிட்டுத்தான் பறிப்பார்கள்; அந்தப் புகையில்தான் மிளகு கறுத்துவிடுகிறது என்று. பெரிய பெரிய படிப்பாளிகள் நம்பினார்கள். ஜோர்டானஸ் மிளகுக்கொடியை நேரில் பார்த்தார். மரத்தைப் பற்றி ஏறும் கொடி அது, காய் முதலில் பச்சை, முற்றியபின் தானே கறுத்துச் சுருங்குகிறது, நெருப்பு வைப்பதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று பட்டவர்த்தனமாக எழுதிவிட்டார். பலாப்பழம், மாம்பழம், தேங்காய் எல்லாவற்றையும் நாக்கில் ருசி பார்த்தவன் எழுதுவதைப் போல எழுதுகிறார். மலையாளத்து ராஜாக்கள் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குத்தான் போகும் என்கிற மருமக்கள் தாயத்தையும் சரியாகக் குறித்திருக்கிறார். இதெல்லாம் பகுத்தறிவு வேலை.

அதே மனிதர், தான் போகாத ஆப்பிரிக்கா தேசத்தைப் பற்றி எழுதும்போது என்ன எழுதுகிறார்? தலையில் மாணிக்கக் கல் உள்ள பறக்கும் நாகங்கள் இருக்கின்றனவாம். கொழுத்துப் பறக்க முடியாமல் பரதீசிலிருந்து வரும் ஆற்றில் விழுமாம். எழுபது நாள் காத்திருந்து ஜனங்கள் கல்லை எடுப்பார்களாம். நான் நேரில் பார்க்கவில்லை, நம்பத்தகுந்தவர்கள் சொன்னார்கள் என்று அவரே எழுதிவிடுகிறார். நம்பத்தகுந்தவர்களாம்! மிளகுக் கதையைச் சொன்னவர்களும் நம்பத்தகுந்தவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்? கொடியைப் போய்ப் பார்த்ததனால் அல்லவா அவர்கள் புளுகு வெளியாயிற்று? மேல்லோகத்திலிருந்து வரும் ஆற்றையும், மேல்லோகத்தையுமே, இதே ரீதியில் விசாரித்திருந்தால் அவருக்கு மேற்றிராணியார் பட்டம் கிடைத்திராது என்பது வேறு விஷயம்.

தோழர்களே, இவ்வளவையும் நாம் சொல்லியது இனி சொல்லப்போவதற்காகத்தான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதக்கூடிய இந்தக் கண்கள் நமது சமூகத்தைப் பார்த்தபோது என்ன கண்டன?

ஒன்று, பெண்களை எரிப்பது. இறந்த ஒரு ஆணுக்காக உயிரோடிருந்த ஐந்து பெண்கள் நெருப்பில் ஏறியதைத் தாமே கண்டதாக எழுதுகிறார். கல்யாணத்துக்குப் போவதைப் போலச் சந்தோஷமாகப் போனார்கள் என்கிறார். ஒரு பிணத்துக்கு ஐந்து உயிர்! இவர் பட்டம் பெற்ற 1329-க்குச் சரியாக 500 வருஷம் கழித்து, 1829-ல்தான் பென்டிங்க் துரை வங்காளத்தில் இதைச் சட்டம் போட்டு நிறுத்தினார். மறுவருஷம் சென்னை மாகாணத்தில் நிறுத்தினார்கள். இந்த 500 வருஷத்தில் எத்தனை அவதாரம், எத்தனை ஆச்சாரியார்கள், எத்தனை மடாதிபதிகள்! இப்போது முன்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

இரண்டாவது, தும்ரி என்றொரு ஜாதியாரைப் பற்றி எழுதுகிறார். வடக்கே டோம் என்று சொல்லப்படுகிறார்களே, அவர்கள்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் செத்த பிராணிகளைத் தின்கிறார்கள். அவர்களுக்குக் கும்பிடச் சாமி எதுவுமே இல்லை. ஆனால் மற்றவர்களுடைய கஷ்ட வேலைகளை எல்லாம் அவர்கள்தான் செய்யவேண்டும், சுமையும் அவர்கள்தான் சுமக்கவேண்டும். இவ்வளவுதான், இரண்டொரு வரி. அன்றைக்கே நிலைமை இதுதான். செத்த மாட்டைத் தவிர வேறு ஆகாரம் கொடுக்காத சமூகம், செத்த மாட்டைத் தின்கிறான் என்று அவனை விலக்கி வைத்தது. கோயிலுக்குள் விடாமல் துரத்திவிட்டு, சாமி இல்லாதவன் என்று பேர் வைத்தது. சாமி இல்லாதவன் சுமக்கிற மூட்டை மட்டும் யாருக்கும் தீட்டாகவில்லை.

இதைப் பார்த்த ஜோர்டானஸ் கேட்டாரா, இது ஏன் என்று? மிளகு ஏன் கறுக்கிறது என்று கேட்டவர் இதைக் கேட்கவில்லை. அது மட்டுமல்ல. கொல்லம் உள்ள மேல்கரை ஜனங்களை வெகுவாகப் புகழ்கிறார். ஆகாரத்தில் சுத்தம், பேச்சில் உண்மை, நீதியில் சிறந்தவர்கள் என்கிறார். என்ன நீதி? ஆதிகாலத்திலிருந்து வந்தபடி, அவனவன் அந்தஸ்துக்கு ஏற்ற உரிமையை அவனவனுக்குப் பிசகாமல் காப்பாற்றித் தருகிறார்களாம்! அந்தஸ்துக்கு ஏற்ற உரிமை என்றால் என்ன? நம்பூதிரிக்கு நம்பூதிரியின் உரிமை. புலையனுக்குப் புலையனின் உரிமை, அதாவது தூர விலகி நிற்கும் உரிமை. மனுதர்மத்தை ஒரு ஸ்மிருதிக்காரன் இவ்வளவு அழகாகச் சுருக்கியதில்லை. சொந்த நாட்டில் பிரபுவுக்கு ஒரு நீதியும் பண்ணையாளுக்கு ஒரு நீதியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இது அநீதியாகத் தெரியவில்லை. நாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இந்த மனிதரை இழுத்துக்கொண்டு வந்தோம்.

இப்படிப்பட்டவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1329 ஆகஸ்டு 9-ந் தேதி போப் 22-ம் ஜான் கொல்லத்தை ஒரு மேற்றிராசனமாக ஏற்படுத்தினார். இந்தியாவில் ரோமாபுரிச் சபைக்கு அதுதான் முதல் மேற்றிராசனம். ஜோர்டானஸ் முதல் பிஷப். பாரசீகத்தில் சுல்தானியா என்ற பட்டணத்து அதிமேற்றிராணியாருக்குக் கீழ்ப்பட்டவர். எத்தனை ஆத்துமாக்களை அவர் சேர்த்திருந்தார்? மேல்கரையின் வடபாகத்தில் தாம் ஞானஸ்நானம் கொடுத்தது சுமார் 300 பேர் என்று அவரே எழுதியிருக்கிறார். கொல்லத்தில் கிறிஸ்தவர்கள் இல்லாமலில்லை. நூற்றுக்கணக்கான வருஷமாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் பாரசீகச் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தலைவருக்குப் போப் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார், உங்கள் பிரிவினையை விட்டு எங்களோடு வந்து சேருங்கள் என்று. ஆகவே இந்த நியமனத்தின் முதல் வேலை கிறிஸ்தவரைக் கிறிஸ்தவராக்குவது!

பேதுருவிடம் மோட்சத்தின் திறவுகோல் இருப்பதாகவும், அது வழிவழியாகப் போப்பிடம் வந்ததாகவும் சொல்லுவார்கள். நமது திண்டுக்கல்காரருக்குப் பூட்டும் சாவியும் தெரியாததல்ல. பூட்டைச் செய்தவன்தான் அதற்குச் சாவி செய்வான். ஆனால் யாரோ செய்து, யாரோ குடியிருந்த வீட்டுக்கு, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சாவி செய்து கொடுத்தனுப்பினால் நம்மூர்ப் பட்டறையில் அதற்கு என்ன பேர் சொல்லுவார்கள் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.

1330-ல் அந்தக் கடிதங்களோடும், சுல்தானியா அதிமேற்றிராணியாருக்குரிய அங்கியோடும் புறப்படும்படி உத்தரவாயிற்று. அதற்குப் பிறகு ஜோர்டானஸைப் பற்றி நிச்சயமான ஏடு ஒன்றும் கிடையாது. கொல்லத்துப் பீடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்தார் என்பதற்குக் கண்கண்ட சாட்சியம் இல்லை. தாணாவில் கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்று பிற்காலத்தார் கதை சொல்லுகிறார்கள். கதைக்கு நாம் ஜாமீன் நிற்க மாட்டோம். அந்தப் பீடம் 1886-ல்தான் மறுபடி நிரந்தரமாக அமைக்கப்பட்டது.

ஆனால் பதவி கிடைக்காவிட்டாலும் வருமானம் கிடைத்தது; அதை அனுபவித்தவர் வேறொருவர். 1348 வாக்கில் போப்பின் தூதரான மாரிஞொல்லி என்பவர் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் கொல்லத்தில் இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினார். அங்கே லத்தீன் கோயில் ஒன்று இருந்ததாம். அது ஜோர்டானஸ் வைத்த வித்தாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் கையில்தான் மிளகு நிறுக்கும் தராசு இருந்தது. அந்தத் தராசு வருமானத்திலிருந்து போப்பின் தூதருக்கு மாதம் 100 பொன் பணமும், புறப்படும்போது 1000 பொன் பணமும் கிடைத்ததாக அவரே வெகு திருப்தியோடு எழுதிவைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியபின் 1354-ல் அவருக்கும் இத்தாலியில் ஒரு பிஷப் பதவி கிடைத்தது. வறுமை விரதம் பூண்ட பிரான்சிஸ்கு சபைத் துறவிதான் இவரும்!

அந்தத் தராசு கிறிஸ்தவர்கள் கைக்கு எப்படி வந்தது? கி.பி. 849-ல் வேணாட்டு அரசன் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. தமிழ் பாஷை, வட்டெழுத்து. யார் வேண்டுமானாலும் அச்சில் பார்க்கலாம். எடை, அளவு முதலிய உரிமைகள் பள்ளியார் வசம் ஒப்படைக்கப்படுகின்றன. அதோடு இன்னொன்றும் ஒப்படைக்கப்படுகிறது. நிலத்தோடு மரத்தைக் கொடுப்பதைப் போல, ஈழவர் குடிகளும் வண்ணார் குடியும் பள்ளிக்குத் தத்தம் செய்யப்படுகின்றன. வண்ணான் வண்ணானாகவே பள்ளிக்கு வந்து சேர்ந்தான். அவனைக் கொடுத்தவன் இந்து ராஜா. வாங்கிக்கொண்டது கிறிஸ்து கோயில். கொடுத்தவனுக்கும் கூச்சமில்லை, வாங்கினவனுக்கும் கூச்சமில்லை. ஜோர்டானஸ் பிற்பாடு வந்து, பழங்காலத்திலிருந்து அவனவன் அந்தஸ்துப்படி என்று மெச்சினாரே, அது இதைத்தான்.

கொல்லத்தை விட்டு நமது ஊருக்கு வருகிறோம். திண்டுக்கல் சமவெளியில் கிறிஸ்தவ மதம் பரவியது மதுரை மிஷன் மூலமாக. 1606-ல் மதுரைக்கு வந்த நொபிலி என்ற சேசு சபைப் பாதிரியார், பிராமண சந்நியாசி வேஷத்தில் இருந்து உயர்ந்த ஜாதியாருக்குத் தனியாக வேதம் சொன்னார். பூணூலும் குடுமியும் சந்தனமும் போட்டுக்கொள்ளலாம் என்று 1623-ல் போப் 15-ம் கிரகோரி அனுமதியும் கொடுத்தார். மற்ற ஜாதியாருக்கு 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனிப் பாதிரிமார்கள் ஏற்பட்டார்கள். ஒரே ஏசு, ஆனால் பாதிரியார் ஜாதிக்கு ஜாதி வேறு! வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள், கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்து, ஒரு காலில் உயர்ந்த ஜாதியும் மறு காலில் மற்ற ஜாதியும் நின்று ஒரே பீடத்தைப் பார்ப்பதற்கு. நடுச்சுவர் 1910-ல் இடிக்கப்பட்டபோது, இடித்தவர்கள் மீது கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே எழுப்பிய சுவர் ஊரறிந்த விஷயம்.

இதை நாம் சொன்னால் துவேஷம் என்பார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் பேரவையே சபைக்குள் தீண்டாமை நடமாடுவதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டதற்காக நாம் பாராட்டுகிறோம். இந்து மடாதிபதிகளும் இந்த அளவுக்காவது ஒப்புக்கொள்ளட்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-ல். முதல் மேற்றிராசனம் 1329, இது 2022. நடுவிலுள்ள 693 வருஷத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நமது திண்டுக்கல்லே 2003-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மேற்றிராசனம் ஆயிற்று.

இதில் தவிப்பது யார்? இந்தச் சமவெளிக் கிராமங்களில் சேரியை விட்டுச் சிலுவையின் கீழ் போன தாழ்த்தப்பட்ட தோழர்கள்தான். 1950-ம் வருஷத்து ஷெடியூல்டு வகுப்பார் உத்தரவு, இந்துவாக இல்லாதவன் ஷெடியூல்டு வகுப்பான் ஆகமாட்டான் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் வழி விட்டார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் விடவில்லை. சர்க்கார் சொல்லும் காரணம், உன் மதத்தில் ஜாதி இல்லையே என்பது. கோயில் சொல்வதும், எங்களிடம் ஜாதி இல்லை என்பதுதான். கல்லறைத் தோட்டத்துச் சுவர் மட்டும் இருக்கிறது என்கிறது. இந்த மூன்றில் அவன் எதை நம்புவான்? ஊரிலே அவனைப் பழைய பேரிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். தாலுக்கா ஆபீசிலே அந்தப் பேருக்குரிய சலுகையை எழுத மாட்டேன் என்கிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் அவனுடைய சர்ட்டிபிகேட் மட்டும் கரைந்துபோயிற்று, இழிவு கரையவில்லை. அந்தச் சலுகையை அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மதத்தைப் பார்த்து அல்ல, ஊரார் அவனை நடத்துவதைப் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

நேரமாகிவிட்டது. ஜோர்டானஸின் புஸ்தகம் மேஜை மேல் இருக்கிறது. தும்ரி ஜாதியைப் பற்றிய இடத்திலும், நீதியைப் பற்றிய இடத்திலும் அடையாளம் வைத்திருக்கிறோம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் வந்து படித்துப் பார்த்து, நாம் ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் இந்த மேடையிலேயே சொல்லலாம். இனி கேள்வி கேட்கலாம். கோயில் தரப்பிலிருந்து குருமார்கள் யாராவது வந்திருந்தால் அவர்களுக்கே முதல் கால் மணி நேரம். அடுத்தது முன்வரிசைத் தோழர்களுக்கு.